பானட்டுக்குள்ள எலி: வாசனையும் சத்தமும் ஏன் நாலு நாளைக்கு மேல தாங்குறதில்ல

எலி கார் ஒயரைத் திங்கிறதில்ல, கடிச்சுப் போட்டுட்டுப் போகுது. சந்தேகமா இருந்தா பானட்டைத் திறந்து கடிபட்ட இடத்துக்கு நேர் கீழ பாருங்க, கறுப்புக் கறுப்பா பிளாஸ்டிக் துணுக்கு உதிர்ந்து கிடக்கும். எலி வாயில முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஒரு பெரிய இடைவெளி இருக்கு, கொறிக்கும்போது ரெண்டு பக்க உதட்டையும் அதுக்குள்ள இழுத்து அடைச்சுக்கும், அதனால மரத்தூளோ பிளாஸ்டிக்கோ தொண்டைக்குள்ள போகாது. அது பசிக்காகக் கடிக்கலங்கிறதை முதல்ல மனசுல வாங்கிக்கணும், ஏன்னா நாம வாங்கி வைக்கிற பாதி மருந்து அந்தத் தப்பான கணக்குலதான் விக்குது.

மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு முன்பல், சாகுறவரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும், வருஷத்துக்கு 10 செ.மீ.க்கு மேல. பல்லோட முன்பக்கம் மட்டும்தான் எனாமல், அதுல இரும்பு கலந்திருக்கிறதால ஆரஞ்சு மஞ்சளா தெரியும், பின்பக்கம் கொஞ்சம் மிருதுவான டென்டைன். மிருதுவான பக்கம் சீக்கிரம் தேயுது, கெட்டியான பக்கம் நிக்குது, அதனால முனை தச்சர் உளி மாதிரி எப்பவும் தானாவே கூரா இருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவுல எனாமல் 5.5 கிட்ட வருது, செம்பு 3தான், அலுமினியம் அதுக்கும் கீழ. ஒயருக்கு மேல கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டா தப்பிச்சுடும்னு நினைக்கிறவங்க இந்தக் கணக்கைப் பாக்கணும்.

பல்லு வளர்றதால அதைத் தேய்க்கத்தான் ஒயரைத் தேடி வருதுன்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதிதான் சரி. மேல் பல்லையும் கீழ் பல்லையும் ஒண்ணோட ஒண்ணு உரசியே எலி தேய்ச்சுக்கும், அதுக்கு உங்க கார் தேவையில்ல. வழில குறுக்க எது நின்னாலும் கடிச்சுப் பாக்கும், கூடு கட்டப் பஞ்சு வேணும்னா பானட்டுக்கு அடியில இருக்குற இன்சுலேஷன் ஷீட்டைப் பிய்க்கும். சோயா எண்ணெய்லேர்ந்து செஞ்ச புது இன்சுலேஷன்தான் எலியை இழுக்குதுன்னு அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் கேஸ் போயிருக்கு, ஆனா சோயா வர்றதுக்கு முன்னாடியே பிவிசி ஒயரையும் டெலிபோன் கேபிளையும் எலி கடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

சரி, இன்ஜின்ல அப்படி என்ன இருக்கு? இருட்டு, மேல மூடி, சுத்தி சுவர், ரெண்டு மூணு மணி நேரமாவது நிக்கிற சூடு. எலிக்குக் கண் பார்வை மோசம், மீசை முடி சுவத்துல பட்டுக்கிட்டே இருந்தாதான் நிம்மதியா நடக்கும், திறந்த வெளி அதுக்குப் பயம், ஆந்தையும் பூனையும் அங்கதான் அடிக்கும். நம்ம ஊர்ல சூட்டை விட மழைதான் பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில வளையெல்லாம் தண்ணி ரொம்பினதும் பெருச்சாளி மேல ஏறி வருது, சென்னை அபார்ட்மென்ட்ல கீழ்த்தளம் பூரா கார் பார்க்கிங், பக்கத்துலயே குப்பைத்தொட்டி, வேற என்ன வேணும் அதுக்கு? பேட்டரி மேல கோழி எலும்பும் காஞ்ச பிரெட்டும் கிடக்கிறதைப் பாத்திருப்பீங்க, அது எங்கயோ எடுத்து, பாதுகாப்பா உக்காந்து சாப்பிடக் கொண்டு வந்தது.

ஏறுற வழி ரொம்பச் சுலபம். டயர், அதுலேர்ந்து சஸ்பென்ஷன் ஆர்ம், அப்புறம் நேரா இன்ஜின். எலிக்கு 12 மி.மீ. கிட்ட ஒரு சந்து இருந்தா போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ. போதும், தலை நுழைஞ்சா உடம்பு நுழைஞ்ச மாதிரிதான். அணிலும் கொறிக்கிற இனம்தான், மரத்தடியில நிறுத்துற வண்டில அதுவும் பகல்லயே வேலையைக் காட்டும். மூஞ்சூறு மட்டும் இந்தக் கூட்டத்துல சேராது, அது பூச்சி தின்னுற வேற இனம், முன்பல்லு வளர்றதும் கிடையாது, ஒயர் கடிச்சதுக்கு அதை அடிச்சுக் கொல்றது பாவம்.

உள்ள வந்தது எதுன்னு தெரியணும்னா ராத்திரி நாலு டயரைச் சுத்தியும் கோலப்பொடியை மெல்லிசா தூவி வைங்க, கல் மாவா இருக்கட்டும், அரிசி மாவு போட்டா அதையே சாப்பிட வரும். காலைல டார்ச்சைச் சாய்ச்சுப் புடிச்சுப் பாத்தா தடம் தெளிவா தெரியும், முன்னங்கால்ல நாலு விரல், பின்னங்கால்ல அஞ்சு, நடுவுல வால் இழுத்த கோடு. எந்த டயர் வழியா ஏறுதுன்னும் தெரிஞ்சுடும், அதுதான் பாதி வேலை.

கடிச்சா என்ன ஆகும்ங்கிறதையும் சொல்லிடறேன். இப்ப வர்ற கார்ல இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் ஒவ்வொண்ணுக்கும் இருக்குற கன்ட்ரோல் யூனிட் எல்லாம் முறுக்கின ரெண்டே ரெண்டு ஒயர் வழியாதான் பேசிக்குது, கேன் பஸ்ன்னு பேரு. அதுல ஒண்ணு அறுந்தா போதும், டேஷ்போர்டுல சம்பந்தமே இல்லாத நாலஞ்சு லைட் ஒண்ணா எரியும், முழு ஒயரிங்கும் போச்சுன்னு வேற சொல்லிடுவாங்க. அந்த ரெண்டு ஒயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொண்ணு இருக்கும், ரெண்டும் பக்க இணைப்புல (பேரலல்) இருக்கிறதால சேர்ந்து 60 ஓம். பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழ மெக்கானிக் ஸ்கேனர் சொருகுற ஓபிடி சாக்கெட்ல 6ம் 14ம் நம்பர் பின்னுக்கு நடுவுல மல்டிமீட்டர் வைச்சா 60 கிட்ட காட்டணும். பெரும்பாலான கார்ல இது பொருந்தும். 120 காட்டுனா எங்கயோ ஒரு ஒயர் அறுந்திருக்கு, சைபர் கிட்ட காட்டுனா ரெண்டும் தோல் உரிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. எலக்ட்ரீஷியனை இதைச் செஞ்சு பாக்கச் சொல்லுங்க, முழு ஹார்னெஸ், அதாவது ஒயரிங் கட்டு, மாத்துறதா, ஒரு இடத்துல ஒட்டுறதான்னு அப்புறம் முடிவு பண்ணலாம். ஆனா பானட் கிட்ட பெட்ரோல் வாசனை வந்துச்சுன்னா சாவியையே திருப்பாதீங்க, எரிபொருள் ஹோஸையும் கடிச்சிருக்கலாம், பக்கத்துலயே உரிஞ்ச ஒயர் இருந்தா தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

இப்ப மருந்துக்கு வரேன். புகையிலை, அந்துருண்டை, பெப்பர்மின்ட் ஆயில், நம்ம காதுக்கு எட்டாத சத்தம் போடுற அல்ட்ராசோனிக் மெஷின் எல்லாமே வேலை செய்யுதுன்னு சொல்ல ஆள் இருக்காங்க, அவங்க பொய் சொல்லல. காட்டெலிக்கும் தெரு எலிக்கும் புதுசா எதைப் பாத்தாலும் பயம், பழகின இடத்துல புது வாசனை, புதுச் சத்தம், புதுப் பெட்டி எது வந்தாலும் சில நாள் ஒதுங்கியே நிக்கும். நீங்க புகையிலைக் கட்டைத் தொங்கவிட்ட அன்னிக்கு எலி வரலன்னா அது நிகோட்டினுக்குப் பயந்து இல்ல, அது நேத்து அங்க இல்லாத பொருள்ங்கிறதாலதான். ஒண்ணும் ஆகலன்னு தெரிஞ்சதும் திரும்ப வந்துடும். சுண்டெலிக்கு இந்தப் பயமும் கம்மி, புதுசு இருந்தா கிட்ட வந்து மோந்து பாக்கும்.

அல்ட்ராசோனிக்கை எடுத்துக்கிட்டா, எலிக்கு சுமார் 80 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் காது கேக்கும்ங்கிறது உண்மை, நமக்கு 20தான். எலிங்க ஆபத்துன்னா 22 கிலோஹெர்ட்ஸ்ல கத்தும். ஆனா அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் காத்துல சீக்கிரம் அடங்கிடும், இன்ஜின் பிளாக்குக்குப் பின்னாடி வளைஞ்சு போகாது, அங்கதான் எலி உக்காந்திருக்கும். 2001லயே அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 60க்கு மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் கடைகளுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லாம இப்படி விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. அந்துருண்டை இன்னும் மோசம். திறந்த இன்ஜின் அறையில அந்த ஆவி எலியை விரட்டுற அளவுக்குச் சேராது, ஆனா ஏசி வழியா கேபினுக்குள்ள வரும், ஜி6பிடிங்கிற நொதி பிறவியிலயே குறைவா இருக்குற குழந்தைக்கு அந்துருண்டையில இருக்குற நாப்தலீன் ரத்த அணுவை உடைச்சுடும். தயவுசெஞ்சு அதைக் கார்ல போடாதீங்க.

மிளகாய்க்கு மட்டும் ஒரு நியாயம் இருக்கு. மிளகாய்ல எரிச்சல் தர்ற கேப்சைசின் பறவைக்கு உறைக்காது, எலிக்கு நமக்கு மாதிரியே எரியும். ஆனா அது ஆவியாகிற பொருள் இல்ல, வாயில பட்டாதான் எரியும், அதனால பொடியாத் தூவுறதுல அர்த்தமில்ல, ஃபேன் சுத்தினா கேபினுக்குள்ள வந்து நமக்குத்தான் எரியும். ஹோண்டா அமெரிக்காவுல கேப்சைசின் கலந்த டேப் விக்குது, அதை ஒயர் மேல சுத்துவாங்க. கடிக்கிற இடத்துலயே எரிச்சல் இருக்கிறதால இது யோசிச்சுச் செஞ்ச பொருள்.

நம்பி இறங்க வேண்டியது தடுப்புலதான். கலிஃபோர்னியாவுல செக்வோயா நேஷனல் பார்க்ல மினரல் கிங்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க மார்மட்டுங்கிற பெரிய கொறிவிலங்கு கார் ஹோஸையும் ஒயரையும் கடிக்கும், பார்க் நிர்வாகமே தார்ப்பாயை அடியில விரிச்சு அது மேல வண்டியை நிறுத்தி நாலு பக்கமும் தூக்கிச் சுத்திக் கட்டச் சொல்லுது. நமக்கு அந்த அளவு வேணாம். ஏறுற இடம் தெரிஞ்சா அங்க 6 மி.மீ. கண்ணு உள்ள ஸ்டீல் வெல்ட் மெஷ் அடிக்கலாம், சைலன்சர் பைப்பையும் சுழல்ற பாகத்தையும் தொடாத மாதிரி, ரேடியேட்டருக்குக் காத்து மறைக்காத மாதிரி. வைப்பருக்குக் கீழ இருக்குற காத்து வர்ற வழிக்கும் மெஷ் வைங்க. வண்டியை நிறுத்தும்போது ஏசியை ரீசர்குலேஷன்ல (உள்காத்தையே சுத்தவிடுற பட்டன்) விட்டுட்டு ஆஃப் பண்ணுங்க, வெளிக்காத்து வர்ற ஃபிளாப் மூடியிருக்கும், கேபினுக்குள்ள இறங்குற முக்கியமான வழி அதுதான். நாய்க்கு வைக்கிற சோத்துத் தட்டு, புறாவுக்குப் போடுற தானியம், மூடாத குப்பை இதெல்லாம் பார்க்கிங்லேர்ந்து போகணும், இதை அசோசியேஷன்ல சண்டை போட்டாவது நடத்தணும். மாசக்கணக்கா நகராம நிக்கிற வண்டிதான் முதல்ல மாட்டும், 2020 லாக்டவுன்ல நிறைய பேர் இதை அனுபவிச்சாங்க.

விஷம் வேணாம். புரோமடயோலோன் மாதிரி மருந்து ரத்தத்தை உறையவிடாம செஞ்சு கொல்ல பல நாள் ஆகும், அதுக்குள்ள எலி எங்க போய்ச் சாகும்னு சொல்ல முடியாது, ஏசி டக்ட்டுக்குள்ள செத்தா டேஷ்போர்டையே கழட்டணும், அந்த எலியைத் தின்ன ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட் குழந்தை கையில கிடைச்சா கல்லீரலே போயிடும், அதுக்கு மாத்து மருந்து கிடையாது.

பொறி வைங்க, ஆனா புதுசைக் கண்டா எலிக்கு வர்ற அந்தப் பயத்தை நினைவுல வச்சு வைங்க. சுவரோரமா தடம் பாத்த வழில பொறியைச் செட் பண்ணாம மூணு நாலு நாள் தேங்காய்ச் சில்லோ கருவாடோ மட்டும் வச்சு விடுங்க, பயம் போய்ச் சாதாரணமா எடுத்துச் சாப்பிட ஆரம்பிச்ச பிறகு ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுங்க. முதல் நாளே மாட்டி எலி சிக்கலன்னா பொறி சரியில்லன்னு தூக்கிப் போடுறது அவசரம்.

பிடிச்ச பிறகு இன்ஜினைக் கழுவணும். எலி நடக்கிற வழியெல்லாம் சிறுநீர் சொட்டிக்கிட்டேதான் போகும், அந்த வாசனை அடுத்த எலிக்கு இது பத்திரமான இடம்னு சொல்லும். ஜெர்மனில மார்ட்டன்னு ஒரு பிராணி, எலி இல்ல, இன்னொரு மார்ட்டனோட வாசனை இன்ஜின்ல இருந்தா ஆத்திரத்துல ஹோஸைக் கடிக்கும், அங்கயும் இன்ஜின் வாஷ்தான் முதல் வேலை. கழுவும்போது காஞ்ச புழுக்கையைத் துடைப்பத்தால தட்டாதீங்க, பிளீச்சிங் கரைசலால முதல்ல நனைச்சு, கையுறை போட்டுத் துணியால வழிச்சு எடுங்க, எலிக்காய்ச்சல் அந்தச் சிறுநீர் வழியாத்தான் வருது, கையில சின்னக் கீறல் இருந்தாலும் போதும். எலக்ட்ரிக்கல் கனெக்டர் மேல நேரா தண்ணி அடிக்காம, பேட்டரியைக் கழட்டிட்டு, ஈரத்துணியாலயே முடிச்சுடுங்க.