பதவி உயர்வுக் கடிதத்தை வைத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ராமநாதபுரம் அரண்மனைக்கு அருகே ஆடிட்டராகத் தொழில் நடத்தத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே தவறைப் பல குடும்பங்கள் செய்வதைக் கண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சலித்துப்போன நிலையில், கடந்த மாதம் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் கணக்கைப் பார்த்த பிறகு, இதைப் பொதுவில் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், கணக்கை மாற்றவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சென்ற ஆண்டு என் அலுவலகத்துக்கு வந்து, கைப்பேசியில் மகனின் கடிதத்தைக் காட்டினார். "தம்பி, பையன் வைஸ் பிரசிடென்ட் ஆயிட்டான். வருஷத்துக்கு நாப்பத்தஞ்சு லட்சம். ஈ.சி.ஆர். பக்கம் நம்ம இடம் சும்மாதானே கெடக்கு, வீட்டக் கட்டிறலாம்ல?" என்று கேட்டார். "கடிதத்தோட ரெண்டாம் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கய்யா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தப் பக்கம் வரவில்லை. மகன் பெயரில் 60 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஏற்பாடு செய்து, அஸ்திவாரமும் போட்டுவிட்டார்கள். பதினொன்றாவது மாதத்தில் நிறுவனம் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டது. இன்று வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை உப்புக் காற்று தின்றுகொண்டிருக்கிறது. வேலை இழந்த பிறகுதான் மகன் அந்த இரண்டாம் பக்கத்தை எனக்கு அனுப்பினார்.

மிக அதிகமாக என்னை வருத்தும் தவறான எண்ணம் இதுதான்: கடிதத்தில் உள்ள சி.டி.சி. தொகையைச் சம்பளம் என்று நினைப்பது. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்வதாகச் சொல்லும் மொத்தச் செலவு. உங்கள் கைக்கு வராததும், வரக்கூடும் என்று மட்டும் சொல்லப்பட்டதும், நான்கு ஆண்டுகள் கழித்து வரவேண்டியதும் அந்தத் தொகைக்குள் அடக்கம். அந்தப் பையனின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பழைய சி.டி.சி. 32 லட்சம், புதியது 45 லட்சம். உயர்வு 13 லட்சம். அதில் 5 லட்சம், நிறுவனத்தின் லாபத்தையும் அவருடைய மதிப்பீட்டையும் பொறுத்து ஆண்டு முடிவில் தரப்படும் மாறும் ஊதியம். 4 லட்சம், நான்கு தவணைகளில் வந்து சேரவேண்டிய நிறுவனப் பங்குகளின் ஓர் ஆண்டுப் பகுதி. முதல் தவணைக்கே ஓராண்டு பணியில் இருந்தாக வேண்டும். 1 லட்சம், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, காப்பீடு ஆகியவை. ஆக, மாதச் சம்பளத்தில் உண்மையாக ஏறியது ஆண்டுக்கு 3 லட்சம் மட்டுமே. அவர் ஏற்கெனவே வரிக்குரிய வருமானம் 24 லட்சத்தைத் தாண்டியவர் என்பதால், 2025-26 நிதியாண்டின் புதிய வரித் திட்டப்படி, ஏறிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீத வரியும், அந்த வரியின் மீது செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு. 93,600 ரூபாய் வரிக்குப் போக, மிச்சம் 2,06,400. மாதத்துக்கு 17,200 ரூபாய். பதவிக்காகச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாறியதில் வாடகை மட்டும் 20,000 ரூபாய் கூடியிருந்தது. 60 லட்சம் கடனுக்கு, எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு, மாதத் தவணை ஏறத்தாழ 52,000 ரூபாய். புதிய வரித் திட்டத்தில் சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக்குக் கழிவும் கிடையாது. இந்த மூன்று தொகைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காமல்தான் இருபது ஆண்டுக் கடனில் கையெழுத்திடுகிறார்கள்.

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்கள், கரைக்கு வந்த மீன் எவ்வளவுக்கு விலைபோனது என்பதை வருமானமாகக் கொள்வதில்லை. டீசலும் ஐஸும் கழித்து, படகுக்குரியதை ஒதுக்கிய பிறகுதான் தங்கள் பங்கைப் பேசுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு போகாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்கேற்பத்தான் செலவு செய்வார்கள். அதே தெருவிலிருந்து படித்து முன்னேறிப் போன பிள்ளைகள், கழிக்க வேண்டியவற்றைக் கழிக்காத தொகையைக் கல்யாணப் பேச்சிலும் வங்கியிலும் ஒப்பந்தக்காரரிடமும் சொல்கிறார்கள்.

அடுத்து, பலர் கேட்டதும் திகைக்கும் ஒரு செய்தி. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள 2020-ம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும், நிர்வாகப் பொறுப்பில் பணியாற்றுகிறவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆட்குறைப்பின்போது, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று சட்டம் தரும் இழப்பீட்டை அவர் உரிமையாகக் கோர முடியாது. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவருக்குப் பாதுகாப்பு. மேனேஜர் என்ற பெயர் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை, உண்மையில் செய்யும் வேலையின் தன்மையையே நீதிமன்றங்கள் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வழக்கை நடத்தும் தெம்பு, வேலை இழந்து கடனோடு நிற்பவருக்கு இருக்குமா என்பதை யோசிக்க வேண்டும். மேலே போகப்போக ஊதியம் கூடுகிறது, சட்டத்தின் துணை குறைகிறது. பதவியைத் துரத்தும்போது இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை.

நிறுவனம் தரும் பங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. அவை உங்கள் கணக்குக்கு வரும் நாளிலேயே, நீங்கள் விற்காவிட்டாலும், அன்றைய மதிப்புக்கு ஊதியமாக வரி உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தின் பங்கு என்றால், இந்தியாவில் வசிப்பவர் அதை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அவர்களுக்கும் இருக்கிறது. மேல்பதவிக்குப் போன என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு மேல் இதைக் காட்டாமல் விட்டிருந்தார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பிள்ளைகள் வளைகுடாவில் இருப்பதால் வரிக் கவலை குறைவு என்று எண்ணலாம். அங்கே சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணி முடிவில் தரும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் என்று அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் கணக்கிடப்படுகிறது. மொத்தம் 25,000 திர்ஹத்திலிருந்து 32,000 திர்ஹமாக உயர்த்திவிட்டு, அடிப்படைச் சம்பளத்தை 10,000 திர்ஹத்திலேயே வைத்திருந்தால், பணிக்கொடை ஒரு திர்ஹம்கூட ஏறாது. கையெழுத்திடும் முன் "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்கத் தயங்கி, ஊர் திரும்பிய பின் என்னிடம் வந்து வருந்தியவர்கள் பலர்.

இனி, மேல்பதவியைத் துரத்துவது தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தானாக வரும் உயர்வை மறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்காகவே ஏழு, எட்டு ஆண்டுகளைப் பணயம் வைத்துவிட்டு, அது வரும் என்று கடன் வாங்குவது பெரும்பாலோர்க்குத் தகாது என்பதுதான் நான் பார்த்த கணக்குகள் சொல்வது. ஒரு பிரிவில் இருபது மேலாளர்கள் இருந்தால் மேலே இருப்பது இரண்டு, மூன்று நாற்காலிகள்தான்; மற்றவர்கள் கொடுத்த மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் எந்தக் கணக்கிலும் வரவு வைக்கப்படுவதில்லை. அப்பாவை இதயப் பரிசோதனைக்கு மதுரைக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியாமல், பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழுத ஒருவரை எனக்குத் தெரியும். மருத்துவம் என் துறை இல்லை என்றாலும், வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வை, இரவு பதினொரு மணிக்கு எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு நான் அனுப்பிவைப்பதுண்டு.

தகும் என்று நான் மனமார வாழ்த்தியவர்களும் உண்டு. தொண்டியைச் சேர்ந்த ஒரு பெண், நிதிப் பிரிவில் தலைமைப் பொறுப்பை ஏற்கும் முன் என்னிடம் வந்தார். ஒன்றரை ஆண்டுச் செலவுக்கான பணம் தனி வைப்பில் இருந்தது, வீட்டுக் கடன் முடிந்திருந்தது, நிறுவனக் காப்பீட்டை நம்பாமல் தனக்கென ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் வைத்திருந்தார். அந்த வேலையைச் செய்யவும் ஆசைப்பட்டார். பதவி நாளைக்கே போனாலும் அவருடைய வீட்டில் அடுப்பு அணையாது. அதேபோல, மேலாளர் பதவி வேண்டாம் என்று தொழில்நுட்பப் பணியிலேயே நின்ற ஒருவர், நாற்பத்து நான்கு வயதில் கடன் எல்லாம் அடைத்துவிட்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு வாரம் முன்பே ஊருக்கு வந்துவிடுகிறார். ஊரில் அவரை "இன்னும் மேனேஜர் ஆகலியா?" என்று கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். பிள்ளைகளை அந்தக் கடிதத்தின் பின்னே ஓடவைப்பது பல வீடுகளில் நம்முடைய இந்தக் கேள்விதான்.

உயர்வு வந்தால், முதல் ஆண்டு முழுவதும் பழைய சம்பளத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும். மாறும் ஊதியத்தையும் பங்கையும் வங்கிக் கணக்கில் வந்து விழும்வரை கணக்கில் சேர்க்காதீர்கள். வேலையை விட்டுப் போகாமலிருக்க நிறுவனம் தரும் தக்கவைப்பு போனஸை வாங்கினால், இடையில் விலகும்போது வரி பிடித்தம் செய்வதற்கு முந்தைய முழுத் தொகையையும் திருப்பித் தரச் சொல்லும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய வரியை மீட்பது எளிதல்ல. துணை நிறுவனத்துக்கு டைரக்டராகக் கையெழுத்துக் கேட்டால், அதைப் பெருமையாக எண்ணி உடனே போட்டுவிடாதீர்கள். ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்யாவிட்டால் அதன் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கடிதத்தில் முதல் பக்கத்தை மட்டும் கொண்டு வராதீர்கள். இணைப்புப் பக்கங்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றான சென்ற ஆண்டின் படிவம் 16, இருக்கும் கடன்களின் விவரம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் உங்களுக்கு நம்பிக்கையான எந்த ஆடிட்டரிடமாவது அரை மணி நேரம் உட்காருங்கள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாள் வந்தாலும் போதும்.