மாறுகண் மீண்டும் விலகினால்: இரண்டாவது அறுவைக்கும் காப்பீடு உண்டு

வெளிப்பக்கம் விலகும் மாறுகண்ணை அறுவை செய்து நேராக்கிய பிறகும், சில குழந்தைகளுக்கு அது திரும்ப வருகிறது. வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வார்கள். களைத்துப்போன மாலையில் ஒரு விழி காதுப் பக்கம் நழுவும். முதலில் செய்த மருத்துவரைத் திட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இவ்வகை மாறுகண்ணில் இது அடிக்கடி நடப்பதுதான்.

"ஒருமுறை செய்தாயிற்றே, இனி காப்பீட்டு அட்டை செல்லுமா?" என்பதே பெற்றோரின் அச்சம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, நோய் முன்பே இருந்தது என்று காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. முதல் அறுவையைத் தனியாரிடம் கைக்காசில் செய்திருந்தாலும் இதே விதிதான்.

சிக்கல் வேறிடத்தில் வரும். அழகுக்கான சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. மாறுகண்ணை அழகுப் பிரச்சினையாகவோ, அதிர்ஷ்டமாகவோ பார்ப்பவர்கள் நம்மிடம் இன்னும் குறையவில்லை. ஆகவே விலகலின் அளவு, இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் திறன் குறைந்திருப்பது, இம்முறை எந்தத் தசைகளில் அறுவை என்பது மூன்றும் மருத்துவரின் குறிப்பில் இருக்கட்டும். அறுவைக்கு முன்பே மருத்துவமனை ஒப்புதல் கேட்டு அனுப்பும்; அதற்கு இவை தேவைப்படும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தினார்கள் என்பது அதில் இருக்கும்; காப்பீட்டைவிட அறுவை செய்பவருக்கே அது முக்கியம்.

அட்டைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குழந்தையின் பெயருள்ள குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லலாம். தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை கண் சிகிச்சைக்காகத் திட்டத்தில் சேர்ந்ததுதானா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநோயாளியாக வந்துபோகும் பரிசோதனையும் கண்ணாடியும் இதில் அடங்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசம்.

வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு நேரே போகலாம். அங்கு அட்டை இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.