வயிற்றை அமுக்காதீர்கள், மூச்சைக் கொடுங்கள்

தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "டொக்டர், குடிச்ச தண்ணியெல்லாம் எடுத்துட்டீங்களா?"

2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணிக் களப்பில் படகுப் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்ததைத் திருகோணமலையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய பாலத்தை அகற்றிப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்த காலம். அதுவரைக்கும் சனங்களுக்கு அந்த மிதவைதான் வழி. பள்ளிக்கூடம் போகிற நேரம் வேறு. மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள், எண்ணிக்கை பிறகும் கூடியது. யார் பொறுப்பு என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுத வேண்டும். நான் எழுத வந்தது, ஆளைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு கழிகிற முதல் ஐந்து நிமிடத்தைப் பற்றி.

நம் கரைகளில் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வயிற்றை அமுக்குவார்கள். வாயால் தண்ணீர் கொட்டும், சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு நிம்மதி. ஆனால் கொட்டியது வயிற்றில் இருந்த தண்ணீர். அது ஆளைக் கொல்லாது. கொல்வது மூளைக்கு ஒட்சிசன் போகாமல் நின்றதுதான். அமுக்கும்போது சாப்பாடும் மேலே வந்து, மயங்கிக் கிடப்பவரின் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காலையில் தின்ற ரொட்டித் துண்டை ஒரு பையனின் தொண்டையிலிருந்து நானே உறிஞ்சி எடுத்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டுப் பாருங்கள். அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு மேலே எழும்புகிறதா என்று பாருங்கள். வாயில் நுரை தள்ளும், சிலவேளை இளஞ்சிவப்பாகக்கூட. பயந்து அதைத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். துடைக்கத் துடைக்க வரும், அதன் மேலேயே ஊத வேண்டியதுதான். பிறகும் அசைவில்லையா? நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, திரும்ப 30. மாரடைப்பில் இதயம் நின்றவருக்கு 'நெஞ்சை அழுத்தினால் போதும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே அது போதாது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு, இதயம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு தவறு, இது படித்தவர்களும் செய்வது. ஒரு வாப்பா தன் மகனைக் களப்பிலிருந்து தூக்கியிருக்கிறார். பையன் இருமினான், அழுதான், பிளேன்டீ குடித்தான். "ஒண்டுமில்ல" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு பையனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. எங்களிடம் வந்தபோது விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 84 சதவீதம் என்று காட்டியது. 95க்கு மேல் இருக்க வேண்டியது. உதடு நீலம். பிழைத்துக்கொண்டான், ஆனால் மூன்று நாள் ஒட்சிசனில் கிடந்தான். உள்ளே போன நீர், உப்போ நன்னீரோ, நுரையீரலைப் புண்ணாக்கச் சில மணி நேரம் எடுக்கும். அதனால் இருமல் நிற்காதவரை, கொஞ்ச நேரமாவது மயங்கிக் கிடந்தவரை, மூச்சு ஊதி எழுப்பியவரை, எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பகலோ ஓர் இரவோ வைத்துப் பார்த்துவிட்டு நாங்களே அனுப்புவோம்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். நீங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நிற்கிற ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அருகில் வையுங்கள். இன்னொருவர் டோர்ச்சோடு பிரதான வீதிக்குப் போய் நிற்கட்டும். களப்புக் கரை ஒழுங்கைகளில் இருட்டிவிட்டால் அம்புலன்ஸுக்கு வழி தெரியாது.