ஆர்டர் ஆஃப் மெரிட்: பதக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிரிட்டன் அரசர் வழங்கும் 'ஆர்டர் ஆஃப் மெரிட்' என்ற விருதைப் பெற்றவருக்கு 'சர்' பட்டம் கிடையாது. பெயருக்குப் பின்னால் 'ஓ.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனாலும் பல பெரிய பட்டங்களைவிட இதற்கு மவுசு அதிகம். ஒரே சமயத்தில் 24 பேருக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது. பிரதமரின் பரிந்துரை இல்லாமல் அரசரே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். 1902-இல் ஏழாம் எட்வர்ட் தொடங்கியபோது இயற்பியலாளர் கெல்வின், அறுவை மருத்துவர் லிஸ்டர், படைத்தளபதி கிச்சனர் உட்பட 12 பேருக்குக் கிடைத்தது. முதல் பெண் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், 1907-இல். வெளிநாட்டவர் கௌரவ உறுப்பினர்கள். 24 என்ற கணக்கில் வரமாட்டார்கள். திருத்தணி அருகே பிறந்த ராதாகிருஷ்ணனுக்கு 1963-இல் அப்படித்தான் வந்தது. சிதம்பரத்தில் பிறந்து பிரிட்டன் குடியுரிமை பெற்ற விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் 2022-இல் முழு உறுப்பினரானார்.

மேலே தங்கக் கிரீடம், அதிலிருந்து தொங்கும் சிவப்பு எனாமல் சிலுவை, நடுவில் லாரல் இலை சூழ்ந்த நீல வட்டம், அதில் தங்க எழுத்தில் 'ஃபார் மெரிட்'. படைத்துறையினருக்கான பதக்கத்தில் மட்டும் வட்டத்துக்குப் பின்னால் இரண்டு வாள்கள் குறுக்காக இருக்கும். ரிப்பன் பாதி நீலம், பாதி கருஞ்சிவப்பு. ஆண்கள் கழுத்திலும் பெண்கள் பட்டாம்பூச்சி போன்ற முடிச்சாகத் தோளிலும் அணிவார்கள்.

இந்தப் பதக்கத்தைச் சந்தையில் விலைக்கு வாங்குபவர்கள் முன்பக்கத்தில் மயங்கிவிடுகிறார்கள். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது வழங்கிய அரசரின் பெயரெழுத்துச் சின்னம். 1907-இல் கொடுத்தது என்று சொல்லும் பதக்கத்தில் ஏழாம் எட்வர்டின் சின்னத்துக்குப் பதிலாக எலிசபெத்தின் சின்னம் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 1991-க்குப் பிறகு வழங்கியவற்றைப் பெற்றவர் இறந்ததும் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே 1991-க்குப் பிந்தைய பதக்கம் சந்தைக்கு வந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் எனாமலைப் பாருங்கள். அசல் எனாமல் என்பது உலோகத்தின்மேல் சுமார் 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. சில்லு தெறித்த இடம் கிளிஞ்சல் போல வளைந்து பளபளக்கும். போலியில் இருப்பது பெரும்பாலும் ரெசின் என்ற செயற்கைப் பிசின். ஓரத்தில் மழுங்கிப் பிளாஸ்டிக் போலத் தெரியும். ஊசியால் குத்திச் சோதிக்க வேண்டாம், அசலாக இருந்தால் நீங்களே கெடுத்தவராவீர்கள்.

கெடுவது பெரும்பாலும் சுத்தம் செய்யும்போதுதான். கீழே விழுந்தால் உலோகம் வளையும், கண்ணாடி வளையாது. மயிரிழை விரிசல் விழும். அந்த நிலையில் ஒலியதிர்வால் அழுக்கு நீக்கும் நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் அதிர்விலேயே துண்டு கழன்று வந்துவிடும். பூஜைப் பாத்திரத்துக்குத் தேய்க்கிற புளியும் கூடாது: அமிலம் எனாமலின் பளபளப்பை அரிக்கும். தங்க முலாம் பூசிய பதக்கமென்றால் பாலிஷ் முலாமையே உரித்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். பிடிவாதமான அழுக்குக்கு, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு. அதுவும் விரிசல் பக்கம் போகாமல்.

கழன்ற எனாமலை மறுபடி சூளையில் வைக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பற்றவைத்த இணைப்புகள் இளகும், மிச்ச எனாமலும் நிறம் மாறும். பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடக்கூடிய பாராலாய்ட் பி-72 ரெசினில் நிறம் கலந்து நிரப்புவார்கள்.

பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், நாளாவட்டத்தில் அது அமிலம் கக்கும். அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி, ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். ரிப்பனை மட்டும் வெயிலில் காட்டவே கூடாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தாலும் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்ட வேண்டாம்.