சேஃப்கார்ட்ஸ்: ‘பாதுகாப்பு’ என்று எழுதினால் என்ன கெடுகிறது?

சிங்கப்பூரும் அமெரிக்காவும் 2024 ஜூலை 31 அன்று கையெழுத்திட்ட, அணுசக்தி ஒத்துழைப்புக்கான ‘123 உடன்பாடு’ பற்றித் தமிழில் எழுத உட்காருபவரைத் தடுக்கி விழவைக்கும் சொல் ‘சேஃப்கார்ட்ஸ்’. அணுசக்தித் துறையில் சேஃப்டி, செக்யூரிட்டி, சேஃப்கார்ட்ஸ் என்று மூன்று சொற்கள் உண்டு. நம் கை மூன்றுக்கும் ‘பாதுகாப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டது.

மூன்றும் வெவ்வேறு வேலை. சேஃப்டி என்பது உலையிடமிருந்து மனிதரைக் காப்பது: குளிரூட்டும் நீர் நின்றுபோனால் என்ன செய்வது, கதிர்வீச்சு கசிந்தால் என்ன செய்வது என்பவை அதன் கவலைகள். செக்யூரிட்டி, மனிதரிடமிருந்து அணுப்பொருளைக் காப்பது. வேலி, காவலர், நுழைவு அனுமதி எல்லாம் அதில் சேரும். சேஃப்கார்ட்ஸில் சந்தேகத்துக்கு உரியவர் திருடன் அல்ல, பொருளை வைத்திருக்கும் அரசாங்கமே. மின்சாரத்துக்கு என்று வாங்கிய யுரேனியம் ஆயுதத்துக்குத் திரும்பவில்லை என்பதை வெளியார் வந்து கணக்குப் பார்த்து உறுதிசெய்வதுதான் அது.

சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘பத்திரமான காவல்’ என்பது நேர்ப்பொருள். பகை நிலத்தைக் கடப்பவருக்குத் தரும் அபயச் சீட்டையும் ஒருகாலத்தில் குறித்தது. அணுத்துறைக்குள் அது நுழைந்தது 1945 நவம்பர் 15 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன், பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, கனடியப் பிரதமர் மெக்கன்சி கிங் மூவரும் வெளியிட்ட கூட்டறிக்கையில். நேரடிச் சோதனையோடு சேர்த்தே அதில் இச்சொல் வருகிறது. 1957இல் பிறந்த அனைத்துலக அணுசக்தி அமைப்பின் சட்டவிதி அதையே நிலைநிறுத்தியது. பிரெஞ்சுக்காரர்களோ தாங்கள் கொடுத்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எழுதுவது ‘உத்தரவாதங்கள்’ என்று! சீனத்தில் ‘உறுதியளித்தல்’, ‘மேற்பார்வை’ இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். பொருளுக்கு அதுதான் மிக நெருக்கம்.

நடைமுறை ஏறக்குறைய மளிகைக் கடை இருப்புக் கணக்குதான். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, இறுதி இருப்பையும் கழித்தால் மிஞ்சுவது ‘கணக்கில் வராத பொருள்’. நிலையத்தின் வரைபடத்தை முதலில் அமைப்பிடம் தர வேண்டும். பிறகு ஒவ்வொரு வரவு செலவையும் அறிவிக்க வேண்டும். சோதனையாளர்கள் வந்து எண்ணுவார்கள், அளப்பார்கள், கொள்கலனில் கம்பி சுற்றி முத்திரை வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள், துணியால் சுவரைத் துடைத்துத் துகள் மாதிரி எடுத்துப் போவார்கள்.

எவ்வளவு காணாமல் போனால் ஆபத்து என்பதற்கும் அளவு இருக்கிறது. புளூட்டோனியம் 8 கிலோ. உயர்செறிவு யுரேனியமாக இருந்தால் அதிலுள்ள, எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ. தாழ்செறிவில் அதுவே 75 கிலோ. ஒரு வெடிகுண்டு செய்யும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாத அளவு என்று அமைப்பு இவற்றை வகுத்திருக்கிறது. எரிபொருளிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த புளூட்டோனியம் திசைமாறினால் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இலக்கு. பயன்படுத்திய எரிபொருளில் உள்ளதற்கு 3 மாதம், தாழ்செறிவு யுரேனியத்துக்கு ஓராண்டு.

மின்நிலையத்தில் இது எளிது. எரிபொருள் கட்டுகளுக்கு வரிசை எண் உண்டு, எண்ணிவிடலாம். தொல்லை தூளும் கரைசலுமாகப் பொருள் ஓடும் ஆலைகளில். குழாயிலும் பெட்டிச் சுவரிலும் ஒட்டிக்கொள்வது தராசில் ஏறாது. ஜப்பானின் தோக்காய் எரிபொருள் ஆலையில் ஏறத்தாழ 70 கிலோ புளூட்டோனியம் இப்படிக் கையுறைப் பெட்டிகளில் (உள்ளே கைவிட்டு வேலை செய்யக் கையுறை பொருத்திய மூடிய பெட்டிகளில்) தேங்கியிருந்தது 1994இல் பெரும் பேச்சானது. யாரும் திருடவில்லை. ஆனால் 8 கிலோவைத் தேடும் கணக்கில் 70 கிலோ மங்கலாக இருந்தால் கணக்குக்கு என்ன மதிப்பு?

தமிழில் என்ன எழுதலாம்? ‘காப்புறுதி’ முதலில் நாவில் வரும், ஆனால் சிங்கப்பூரில் அது இன்ஷூரன்ஸ். ‘கண்காணிப்பு’ கேமராவோடு நின்றுவிடுகிறது. அது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. ‘காப்பு’ என்றே விடலாம் என்பார் உண்டு. விரதத்துக்குக் காப்புக் கட்டிக்கொள்வதுபோல ஒரு நாடு தானாகக் கட்டுப்படுகிறது என்ற நயம் அதில் இருக்கிறது, முத்திரைக் கம்பிக்கும் பொருந்துகிறது. ஆனால் செய்தி படிப்பவருக்கு அது வளையலாகவோ மறுபடியும் பாதுகாப்பாகவோதான் தோன்றும். எங்கள் தேர்வு ‘அணுப்பொருள் சரிபார்ப்பு’. சேஃப்டிக்குப் ‘பாதுகாப்பு’, செக்யூரிட்டிக்குக் ‘காவல்’. சிங்கப்பூர் இந்தச் சரிபார்ப்புக்குப் புதிதல்ல. அமைப்பில் 1967இலேயே உறுப்பினரானது, கூடுதல் சோதனைக்கு இடம்தரும் துணை உடன்படிக்கையும் இங்கே 2008 முதல் நடப்பில் உள்ளது.

‘123’ என்பது எண்ணிக்கையோ ரகசியக் குறியோ அல்ல. அமெரிக்க அணுசக்திச் சட்டம் 1954இன் 123ஆம் பிரிவு. அந்தப் பிரிவு கேட்கும் நிபந்தனைகளில் முதலாவதே சரிபார்ப்பு. சிங்கப்பூர் உடன்பாட்டின் ஆயுள் 30 ஆண்டு. ஆனால் அதன்கீழ் வந்த பொருளும் கருவியும் இங்கே இருக்கும் வரை, 30 ஆண்டு கழிந்தாலும், சரிபார்ப்பு தொடர வேண்டும். இந்த இடத்தில் ‘பாதுகாப்பு தொடரும்’ என்று எழுதினால், வாசகர் வாசலில் காவலாளி நிற்பதாகத்தான் நினைப்பார்.