களவு இரத்தத்தில் வருகிறதா?

இலங்கையின் கிழக்கே, கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பொடியன் சைக்கிள் களவெடுத்துப் பிடிபட்டால், தேத்தண்ணிக் கடையில் முதலில் வரும் பேச்சு அநேகமாக இதுதான்: "தகப்பனும் இப்படித்தானே, இரத்தம் எங்க போகும்?" கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். ஆனாலும் கேள்வி நியாயமானது. குற்றம் செய்யும் போக்கு உடம்போடு பிறக்கிறதா?

பிறவிக் குற்றவாளியை மண்டையோடு, தாடை, காது ஆகியவற்றின் அமைப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்புறோசோ எழுதினார். அது பிழை.

1993இல் ஒல்லாந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அங்கே பல ஆண்கள் சட்டென்று வெகுண்டு அடிதடி, தீவைப்பு என்று போயிருந்தார்கள். அவர்களிடம் எம்ஏஓஏ என்ற பரம்பரையலகு முற்றாகப் பழுதாகியிருந்தது. செரட்டோனின், டோபமைன் போன்ற மூளைச் சேதிப் பொருட்களை வேலை முடிந்ததும் உடைத்து அகற்றும் நொதியம் இதிலிருந்துதான் உருவாகிறது. அந்தப் பரம்பரையலகு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. பழுதானால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை.

இப்படி முற்றாகப் பழுதாவது மிக அரிது. ஆனால் அந்த அலகு மந்தமாக வேலை செய்வது சாதாரணம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் சிறு வயதிலிருந்தே தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அந்த ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் மந்த வடிவம் இருந்தது. வதைபடாமல் வளர்ந்திருந்தால், அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். மந்த அலகும் சிறு வயது வதையும் சேர்ந்தவர்கள் மொத்த ஆண்களில் 12 சதவீதம் மட்டுமே. ஆனால் வன்முறைக்காகக் கிடைத்த தண்டனைத் தீர்ப்புகளில் 44 சதவீதம் அவர்கள் மேல் விழுந்திருந்தது. 2002இல் இது வெளிவந்தது.

அடியும் பயமுமாக வளரும் பிள்ளையின் மூளையில், ஆபத்தை உணரும் அமிக்டலா சின்னச் சத்தத்துக்கும் துள்ளப் பழகுகிறது. அதை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, மூளையின் பிறேக் மாதிரி. போரையும் 2004 சுனாமியையும் கண்ட நம்மூர்ப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. அம்மம்மாவோ மாமியோ ஒரு ரீச்சரோ, அணைத்துக்கொள்ள ஒருவர் இருந்தால் அந்தப் பயம் மெல்லத் தணியும்.

சரி, அந்தப் பொடியனுக்கு 16 வயது என்று வையுங்கள். அவனுடைய பிறேக் முதிர ஏறக்குறைய 25 வயதாகும். பதின்வயதில் சட்டத்தை மீறுபவர்களில் பெரும்பாலானோர் இருபதுகளில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். விடாமல் தொடர்பவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்களின் முரட்டுத்தனம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதிலேயே தெரியத் தொடங்கிவிடும். தகப்பனின் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அப்போது அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கலாம்.