ஒரு கணினி, இரண்டு இயங்குதளம், எட்டு மணி நேரம்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 எதிர்பார்க்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லோ புதிய தலைமுறை புராசசரோ இல்லாத மடிக்கணினிகள் இங்கே சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. தூக்கிப்போட மனம் வராதவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பக்கம் போகிறார்கள். பழகிய கணக்கு மென்பொருளை விடமுடியாமல் விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்கிறார்கள். இதுதான் டூயல் பூட்.

"ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுமாண்ணே?" என்று பாலிடெக்னிக் பிள்ளைகள் கேட்பார்கள். ஓடாது. ஒன்று விழித்திருக்கும்போது மற்றது வட்டில் கிடக்கும் வெறும் கோப்புகள்தான். ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டுமென்றால் அதற்கு ஒன்றுக்குள் இன்னொன்றை ஓட்டும் மெய்நிகர் கணினி இருக்கிறது. அது வேறு சங்கதி. டூயல் பூட்டில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் ஒன்று தூங்கப்போகும் முன் மற்றதற்கு எதை விட்டுவைக்கிறது என்பதிலிருந்து கிளம்புபவை.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் வழிவந்த கணினிகளில், பொத்தானை அமுக்கியதும் பயாஸ் என்ற மதர்போர்டு நிரல் வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து ஓட்டும். வன்வட்டில் அந்த 512க்குள் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். மிச்சத்தில் நான்கே நான்கு பார்ட்டிஷன்களின் (வட்டைப் பிரித்த பகுதிகளின்) விவரமும், ஈற்றில் இரண்டு பைட் முத்திரையும். அந்த இடம் ஒருவருக்கு மட்டும்தான். கடைசியாக நிறுவியவர் முன்னவரை அழித்துவிட்டு உட்காருவார். "விண்டோஸை முதல்ல போடு, லினக்ஸை அப்புறம் போடு" என்ற பழைய அறிவுரை அங்கிருந்து வந்தது.

பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வந்தபின் நிலைமை மாறியது. வட்டில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் தானாக நிறுவும்போது பெரும்பாலும் 100 எம்பி ஒதுக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஓர் அடைவு, லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவுக்கு ஓர் அடைவு. யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. திரையில் வரும் கிரப் (லினக்ஸின் துவக்கி) பட்டியலில் நாம் விண்டோஸைத் தேர்ந்தால், கிரப் விண்டோஸின் துவக்கியைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் உபுண்டுவின் துவக்கத்துக்கு ஷிம் என்ற சிறு நிரல் வாசல் திறக்கிறது. அதில் கையொப்பமிட்டிருப்பது மைக்ரோசாஃப்ட். லினக்ஸுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, பாதுகாப்புக் குறையுள்ள பழைய துவக்கிகளைத் தடுக்கப் புது விதி ஒன்றை எழுதியது. டூயல் பூட் கணினிகளைத் தொடுவதில்லை என்பதுதான் ஏற்பாடு. சில கணினிகளில் டூயல் பூட் இருப்பதையே அந்தச் சோதனை கண்டுகொள்ளவில்லை. லினக்ஸ் எழ மறுத்தது. அந்தச் சுளிப்பில் நியாயம் இல்லாமலில்லை.

லினக்ஸுக்கு இடம் ஒதுக்க விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்குவதற்கு முன், வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். கணினி எழும் விதம் மாறியது டிபிஎம்முக்குத் தெரிந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லையென்றால் கோப்புகளை மறந்துவிட வேண்டியதுதான்.

விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இன்னொரு வில்லங்கம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. இயங்குதளத்தின் மையமான கருநிரலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகும். உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவது மாதிரி: ஆளைக் காணோம், இடம் அவருடையது. லினக்ஸ் அந்தப் பார்ட்டிஷனைத் திறந்து பார்த்து, படிக்கமட்டும் சம்மதிக்கும், எழுத மறுக்கும். சரியான மறுப்பு அது. எழுதினால் கோப்புகள் சிதையலாம். விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் முழுதாக அணையும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த வசதியையே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

இனி கடிகாரம். மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்க மதர்போர்டில் ஒரு கடிகாரச் சுற்று இருக்கிறது. மேசைக் கணினிகளில் இதற்கு உயிர்கொடுப்பது பெரும்பாலும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாவற்றையும் அது வைத்திருக்கும். எந்த ஊர் நேரம் என்று குறித்துவைக்க மட்டும் அதில் இடம் கிடையாது.

விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துப் பழக்கத்தில் விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று வாசிக்கிறது. காலை 9 மணிக்கு விண்டோஸை அணைக்கிறீர்கள், சுற்றில் 9:00. லினக்ஸ் எழுந்து சிங்கப்பூருக்கு 8 மணி கூட்டி, மாலை 5 என்கிறது. இணையத்தில் சரிபார்த்துத் திருத்திக்கொண்டபின் சுற்றில் 1:00 என்று எழுதிவைக்கிறது. அடுத்து எழும் விண்டோஸுக்கு அது நள்ளிரவு ஒரு மணி. இப்படி நேரம் தவறினால் மடிக்கணினியிலேயே உருவாக்கும் ஆறு இலக்க உள்நுழைவுக் குறியீடுகளும் செல்லாது. அவை 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்திலிருந்தே பிறப்பவை.

சென்னையில் இதே கோளாறு ஐந்தரை மணி நேரம் காட்டும். இங்கேயும் ஒரு காலத்தில் அரை மணிக் கணக்கு இருந்தது. ஐபிஎம் பிசி வெளிவந்த 1981 ஆகஸ்டில் சிங்கப்பூர் யுடிசியைவிட ஏழரை மணி முன்னால் இருந்தது. தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கோடு நேரத்தை ஒன்றாக்கியபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டு, 1982 பிறந்த அன்று எட்டுக்கு மாறியது.

சரிசெய்ய இரண்டு வழி. சுற்றில் இருப்பது யுடிசி என்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (அதன் அமைப்புகளின் பதிவேட்டில்) ஒரு பதிவு சேர்க்கலாம். அல்லது லினக்ஸில் ஒரே வரிக் கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். லண்டன்காரருக்கு இரண்டாவது ஆகாது. கோடைக்கால நேரம் தொடங்கும்போது இரண்டு இயங்குதளமும் ஆளுக்கொரு மணி கூட்டிவைக்கக்கூடும். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லாததால் இரண்டு வழியும் பாதகமில்லை. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்குபவர்களுக்கு நான் லினக்ஸ் பக்கத்தைத்தான் சொல்வேன். மாற்றுவதற்கு முன் ஒருமுறை இணையத்தோடு இணைத்து நேரத்தைச் சரிசெய்துவிடுங்கள், மாற்றியபின் விண்டோஸை எழுப்புங்கள்.